ஆழத்தின் படிநிலை: கோலார் தங்கவயலில் பல இனத்தார் உழைத்த வரலாறு

கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழகமும் ஆந்திரமும் நெருங்கிவரும் எல்லைப் பகுதியில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருக்கிறது கோலார் தங்கவயல். 1880 முதல் 2001 வரை இங்கு நடந்த சுரங்கத் தொழில், இந்தியாவில் மிகப் பல இனத்தாரையும் மொழியினரையும் சாதியினரையும் ஒரே வேலைக்களத்தில் சேர்த்த தொழில்களுள் ஒன்றாகும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியின் சுரங்கக்காரர்கள், இத்தாலியர், ஆங்கிலோ-இந்தியர், பஞ்சாபியர், தெலுங்கர், கன்னடர், உருது பேசும் முஸ்லிம்கள் ஆகியோர் அங்கே இருந்தனர். அவர்கள் அனைவரையும் விட மிகப் பெருந்தொகையினராகத் தமிழ் பேசும் ஆதிதிராவிடர் இருந்தனர். பல தரப்பினரும் ஓரிடத்தில் உழைத்தார்கள் என்பதை மட்டும் கொண்டு அவ்விடத்தில் சமத்துவம் நிலவியது என்று கொள்வது எவ்வளவு பிழையாகும் என்பதையும், புறந்தள்ளப்பட்டவர்கள் ஒரு தொழிற்களத்தில் தங்களுக்குரிய இடத்தை எவ்வழியில் பெற்றார்கள் என்பதையும் இவ்வூரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தங்கவயலில் பொன் எடுக்கும் தொழிலை ஐரோப்பியர் தொடங்கி வைக்கவில்லை. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், மைசூர் அரசின் எல்லையை அளக்கும் பணியில் அமர்த்தப்பட்ட லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் உரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தில் மக்கள் பொன் எடுப்பதை நேரில் கண்டு பதிவு செய்தார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆண்கள் குறுகிய குழிகளில் இறங்கிப் பொன்கலந்த கல்லை வெட்டி மேலேற்ற, பெண்கள் அதை இடித்துத் தூளாக்கி நீரில் அலசிப் பிரித்தார்கள் என்பது அப்பதிவிலிருந்து தெரிகிறது. ஆகவே இப்பகுதியின் தொழிலறிவு உள்ளூர் மக்களிடம் முன்பே இருந்தது; பிற்காலத்தில் வந்த நிறுவனங்கள் அவ்வறிவுக்கு உரிமையும் மதிப்பும் தராமல், அதை உடையவர்களைக் கூலிகளாக மட்டும் கணக்கில் கொண்டன. நியூசிலாந்தில் மாவோரியருக்கு எதிரான போரில் பங்கேற்றுப் பின்னர் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார்; போதிய முதலின்றி அவர் அதைக் கைமாற்ற, 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இத்தொழிலில் நுழைந்தது.

தொடக்க ஆண்டுகளில் இழப்பே மிஞ்சியது. 1880களின் நடுவில் மைசூர்ச் சுரங்கத்தில், சாம்பியன் ரீஃப் எனப் பின்னர் பெயர்பெற்ற வளமான பொன்பாளம் தட்டுப்பட்டபின்தான் தொழில் நிலைபெற்றது. பொன்பாளம் என்பது பாறைக்குள் தகடுபோல் சாய்ந்து இறங்கும் வெண்கல் அடுக்கு. அதை வெட்டி எடுத்து, இடித்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பொன்னைப் பிரிப்பார்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என ஐந்து சுரங்கங்கள் அடுத்தடுத்து இயங்கின. அவை தனித்தனிக் கம்பெனிகளாக இருந்தாலும் நிர்வாகம் முழுவதும் டெய்லர் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை போடப்பட்டது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த நீர்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பிவழியே கொண்டுவரப்பட்டு இச்சுரங்கங்களை இயக்கியது. அன்று உலகின் மிக நீண்ட மின்கடத்துப் பாதைகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. பெங்களூர்த் தெருக்கள் மின்விளக்கைக் கண்டது அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின்னர்தான். ஆயினும் அம்மின்சாரம் முதலில் எந்திரங்களுக்கும் ஐரோப்பியர் பங்களாக்களுக்கும் உரியதாக இருந்ததே அன்றித் தொழிலாளர் குடிசைகளை எட்டவில்லை.

இத்தகைய தொழிலுக்குப் பல்வகை மனிதர்கள் தேவைப்பட்டனர். ஒவ்வொரு வகையினரும் வெவ்வேறு காரணத்தால் வந்து சேர்ந்தனர். கார்ன்வால் பகுதியின் தகர, செப்புச் சுரங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நலிந்துபோக, அங்கிருந்த தேர்ந்த தொழிலாளர்கள் உலகெங்கும் வேலை தேடிப் புறப்பட்டார்கள். கார்ன்வால் சுரங்கங்களோடு நெடுநாள் உறவு கொண்டிருந்த டெய்லர் நிறுவனம் அவர்களைத் தங்கவயலுக்கு அழைத்து வந்து மேற்பார்வையாளராக்கியது. சுரங்கத் தலைவரைக் கேப்டன் என்றழைக்கும் வழக்கமும் அவர்களோடு வந்ததே. துளையிடும் எந்திரங்களை இயக்க இத்தாலியர் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிலம் அறிந்த ஆங்கிலோ-இந்தியர் இடைநிலை மேற்பார்வைக்கும் எந்திரப் பட்டறைக்கும் அமர்த்தப்பட்டனர். தொழிலாளரோடு மொழியாலோ உறவாலோ பிணைப்பில்லாதவர்கள் என்பதையே தகுதியாகக் கொண்டு, பஞ்சாபியர் காவல் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்கு, எழுத்து வேலைகள் படித்த மேல்சாதியினரிடம் சென்றன.

பாறையை வெட்டிச் சுமக்கும் வேலைக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வடாற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும், 1911இல் தனி மாவட்டமான சித்தூர்ப் பகுதியிலிருந்தும் ஆகும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம், நிலமற்ற பண்ணையாட்களின் பிழைப்பை அடியோடு குலைத்திருந்தது. ஆண்டையிடம் பரம்பரைக் கடனில் கட்டுண்டு கிடந்த ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு, கையில் ரொக்கமாகக் கூலி கிடைக்கும் ஓரிடம் எத்துணை அபாயகரமானதாக இருந்தாலும் விடுதலையின் சாயலோடு தோன்றியதில் வியப்பில்லை. மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினர். முன்பணம் வாங்கியவர் அதைக் கழிக்கும் வரை அந்த ஒப்பந்தக்காரரின் பிடியில் இருந்தார் என்பதால், ஊரில் அறுந்த கட்டு வேறு வடிவில் இங்கும் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் இச்சுரங்கங்களில் உழைத்தவர் தொகை இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது; 1905ஆம் ஆண்டில் மட்டும் ஆறு லட்சம் அவுன்சுக்கு மேல் பொன் எடுக்கப்பட்டது.

அக்காலத்து மற்றத் தொழில்களோடு ஒப்பிடும்போது தங்கவயலின் ஒரு தனித்தன்மை புலப்படும். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவு தாழ்த்தப்பட்டோருக்கு மூடப்பட்டே இருந்தது. தறியில் ஓடும் நாடாவின் துளைவழியே நூலை நெசவாளர் வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், தீட்டுப்பட்டுவிடும் என்று சாதி இந்துத் தொழிலாளரே அவர்களைத் தடுத்தனர். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இத்தடையை வெளிப்படையாக எழுப்பி, தொழிற்சங்கத் தலைவர்களைப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளினார். சென்னை பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் ஆதிதிராவிடருக்கு வேலை கிடைத்தபோதிலும், 1921 வேலைநிறுத்தத்தில் அவர்கள் பணிக்குத் திரும்பியதும் தொழிலாளரிடையே சாதிப் பிளவு வெடித்து, புளியந்தோப்புப் பகுதியில் கலவரமாக முடிந்தது. தங்கவயலின் நிலத்தடி வேலையில் இத்தகைய வாசல் தடை இருக்கவில்லை. அதற்குக் காரணம் நிர்வாகத்தின் பரந்த மனம் அன்று. இருளும் வெக்கையும் சாவும் நிறைந்த அவ்வேலையை விரும்பி ஏற்க வேறு சாதியினர் போதிய அளவில் முன்வரவில்லை என்பதே.

உள்ளே வர அனைவருக்கும் வழியிருந்த இடத்தில், ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும் என்பது மிக நுட்பமாக வரையறுக்கப்பட்டிருந்தது. சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், கேளிக்கை என எல்லாமே ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர், இந்தியர் என்ற வரிசையில் பிரிக்கப்பட்டன. மேட்டுப் பாங்கான இடங்களில் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், மனமகிழ் மன்றமும், விளையாட்டுத் திடல்களும், தேவாலயங்களும் எழுந்து, குட்டி இங்கிலாந்து என்ற பெயரை அவ்வூருக்குத் தேடித் தந்தன. தொழிலாளருக்கு வாய்த்தவை லைன் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகள். மூங்கில் தட்டியால் அடைத்த ஒற்றை அறைக் குடிசைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்ற அவ்விடங்களில் நீரும் கழிவகற்றலும் போதாமல் கொள்ளைநோய்கள் அடிக்கடி பரவின. மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாயிருந்த ரெசிடென்ட் டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் ராபர்ட்சன்பேட்டை திட்டமிட்டு அமைக்கப்பட்டபோது லைன்களில் நெருக்கம் சற்றுத் தணிந்ததாயினும், லைன் வாழ்க்கை அடிப்படையில் மாறவில்லை.

ஆபத்தின் பங்கீடும் இவ்வரிசையையே பின்பற்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. மேலிருக்கும் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுரங்கச் சுவர் திடீரென வெடித்துச் சிதறும் பாறைவெடிப்பு அங்கு அடிக்கடி நேர்ந்தது. கல்லைத் துளைக்கும்போது பறக்கும் நுண்துகள் நுரையீரலில் படிந்து அதை மெல்ல மெல்ல இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் அதைவிடப் பரவலான எமனாக இருந்தது. 1940இல்தான் மைசூர் அரசு அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. அப்பத்தாண்டில் தொழிலாளரிடையே நடத்தப்பட்ட மருத்துவ ஆய்வொன்று, சோதிக்கப்பட்டவருள் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோயைக் கண்டறிந்தது. பாறைக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம் நின்றவர் எச்சாதியினர் என்பதை வைத்தே இந்நோய் யாரை மிகுதியும் தாக்கியது என்று கூறிவிடலாம்.

நம்பிக்கையின் பங்கீடு இன்னொரு படிநிலை. பொன் திருட்டைத் தடுப்பதற்கென மைசூர் அரசு இயற்றிய சுரங்கச் சட்டங்கள், பொன்கலந்த கல்லையோ தூளையோ கணக்குக் காட்டாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்கி, தொழிலாளர்களைச் சோதனையிட விரிவான அதிகாரம் அளித்தன. நிலத்தடியிலிருந்து மேலேறிய ஒவ்வொரு தொழிலாளியின் உடலும் துணியும் நாள்தோறும் துழாவப்பட்டன. ஒரே வேலைக்களத்தில் ஒரு சாரார் மீது இயல்பாகவே நம்பிக்கையும் மற்றொரு சாரார் மீது இயல்பாகவே ஐயமும் நிலவிய நிலையை, கூலி வேறுபாட்டைக் காட்டிலும் ஆழமாகத் தொழிலாளர் உணர்ந்தனர் என்பதற்குப் பின்னர் நடந்த நிகழ்ச்சியே சான்று. 1930இல், தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டது. கைரேகை அன்று குற்றவாளிகளிடம் பெறப்படும் அடையாளமாகவே மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. கூலி உயர்வு கேட்டன்று, இந்த இழிவை மறுத்தே ஐந்து சுரங்கங்களின் தொழிலாளரும் பல்லாயிரவராக வேலையை நிறுத்தினர். அவர்களுக்கென அப்போது அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் எதுவும் இருக்கவில்லை. இருந்தும் ஏறத்தாழ மூன்று வாரம் அப்போராட்டம் குலையாமல் நடந்து, பதிவுத் திட்டத்தைக் கைவிடச் செய்தது.

சங்கமே இல்லாத இடத்தில் அத்தகைய ஒற்றுமை எவ்வாறு பிறந்தது என்பதை அறிய, அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் லைன்களுக்குள் வளர்ந்த நிறுவனங்களை நோக்க வேண்டும். 1898இல் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்த அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) கருத்துகள், 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வழியே தங்கவயலைச் சென்றடைந்தன. ஆதிதிராவிடர் இம்மண்ணின் பழம்பௌத்தர் என்றும், பௌத்தத்தைக் கைவிடாததாலேயே அவர்கள் தாழ்த்தப்பட்டனர் என்றும் அவர் முன்வைத்த வரலாற்று விளக்கம், சாதி இழிவைப் பிறவி விதியாக ஏற்க மறுத்த சுரங்கத் தொழிலாளரை ஈர்த்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கத்தின் கிளைகள் எழுந்தன. பௌத்த முறைப்படி திருமணமும் இறுதிச் சடங்கும் நடந்தன. இரவுப் பாடசாலைகளும் வாசிப்பு வட்டங்களும் தோன்றின. சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டு அழிவிலிருந்து காத்தது. அவர் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழ், 1920களில் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. கூலிவேலைக்காரர் என்று மட்டும் நிர்வாகப் பதிவேடு குறித்துவைத்த மக்கள், தங்கள் கூலியிலிருந்தே ஓர் அச்சுப் பண்பாட்டை உருவாக்கினார்கள் என்பது தமிழ் அறிவு வரலாற்றில் தனியாகக் குறிக்கத்தக்கது.

தங்கவயல் தந்த ரொக்கக் கூலியும், ஆண்டையின் பார்வையிலிருந்து கிடைத்த தொலைவும் இம்முயற்சிகளுக்கு அடித்தளமாக அமைந்தன. எனினும் நிர்வாகம் திட்டமிட்டு வழங்கிய கொடையாக இவற்றைக் கருத இயலாது. கிறித்தவ மிஷன் பள்ளிகள், பௌத்த சங்கம், பின்னர் பெரியாரின் சுயமரியாதை இயக்கம், அம்பேத்கரின் அரசியல் இயக்கம் என ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த முயற்சிகளே தொழிலாளரை மாற்றின. 1941இல் மைசூர் அரசு தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றபின், கே.எஸ். வாசன் போன்ற பொதுவுடைமை இயக்கத்தினர் தலைமையில் சங்கங்கள் வலுப்பெற்றன. 1946இல் நீண்ட வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் உயிரிழப்பும் நிகழ்ந்தன என்றாலும், அதற்குப்பின் தொழிலாளரைக் கலந்து பேசாமல் நிர்வாகம் முடிவெடுப்பது அரிதாயிற்று. தேர்தல் அரசியலிலும் தங்கவயல் தனிப்போக்கைக் கொண்டிருந்தது. அம்பேத்கர் வழிவந்த ரிபப்ளிகன் கட்சியின் சி.எம். ஆறுமுகம் இத்தொகுதியிலிருந்து கர்நாடகச் சட்டமன்றத்துக்குச் சென்றார் என்பது அம்பேத்கர் இயக்கம் இங்கு எத்துணை வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. ஐரோப்பிய அதிகாரிகள் விடைபெற்றதும் அவர்கள் விட்டுச்சென்ற படிநிலை தானாகக் கலையவில்லை. பங்களாக்களும் மன்றமும் ஆள் மாறித் தொடர்ந்தன, நிலத்தடி வேலை பெரும்பாலும் அதே குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கே சென்றது. அதோடு, 1956ஆம் ஆண்டின் மொழிவழி மாநிலச் சீரமைப்பு புதியதொரு வேறுபாட்டைக் கூர்மையாக்கியது. கன்னட மொழி மாநிலம் ஒன்றில் தமிழ் பேசும் பெரும்பான்மையைக் கொண்ட நகரமாகத் தங்கவயல் நின்றதால், முக்கால் நூற்றாண்டாக அம்மண்ணில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வந்தேறிகள் என்ற பார்வைக்கு ஆளாயினர். இனத்தின் பேரால், சாதியின் பேரால், மொழியின் பேரால் என விலக்கு தன் காரணத்தை மாற்றிக்கொண்டே வந்தது. விலக்கப்பட்டோர் மட்டும் பெரும்பாலும் அவர்களாகவே இருந்தனர்.

பொன்பாளம் மெலிந்தும் ஆழம் கூடியும் செலவு மிகுந்துபோக, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை ஏறத்தாழ 800 டன் பொன் அவ்வூரிலிருந்து சென்றிருந்தது. எஞ்சிய சயனைடு மேடுகள், அதாவது பொன் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவுமண் குன்றுகள், காற்றுக்காலத்தில் வீடுகளுக்குள் தூசியை நிறைக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். லைன்களில் வளர்ந்த கல்வி வேட்கை அவர்களுக்குப் புதிய வேலைகளைத் தேடிக்கொள்ளத் துணைநின்றது. சுரங்க நிர்வாகம் விட்டுச்சென்ற எதுவும் அந்த அளவுக்குப் பயன்படவில்லை.

இன்றைய அலுவலகங்களும் ஆலைகளும் தங்கள் பணியாளரிடையே எத்தனை மாநிலத்தார், எத்தனை மொழியினர் உள்ளனர் என்று எண்ணிக்கை வெளியிடுவதை ஒரு சாதனையாகக் கருதுகின்றன. அந்த அளவுகோலை மட்டும் வைத்தால், 1905ஆம் ஆண்டின் தங்கவயல் எந்த நவீன நிறுவனத்துக்கும் பின்தங்கியிருக்காது. ஆகவே கேட்கத்தக்க கேள்விகள் வேறு: ஆபத்தான வேலை யார் பங்குக்கு வருகிறது, யாரை நிர்வாகம் நம்புகிறது, யாரைச் சோதனையிடுகிறது, ஒருவருடைய பிள்ளை அவர் நின்ற படியிலிருந்து மேலேற வழியுண்டா, தம்மைப் பற்றிய முடிவில் அவருக்குக் குரல் உண்டா. தங்கவயலில் இக்கேள்விகளுக்கு ஓரளவேனும் நல்ல விடை கிடைத்த ஒவ்வொரு தருணத்திலும், அதன் பின்னால் தொழிலாளர் தாமே கட்டிய பள்ளியோ, இதழோ, சங்கமோ நின்றது. பணியிடத்தில் அனைவரையும் உள்ளடக்குவதை மேலிருந்து வகுக்கும் கொள்கையாக மட்டும் எண்ணுவோர், கீழிருப்போர் கூடவும் படிக்கவும் மறுக்கவும் உள்ள உரிமையை முதலில் உறுதிசெய்தாக வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில் பன்மை, கம்பெனிக்கு வசதியான ஒரு வேலைப்பிரிவினையாகவே நின்றுவிடும்.